வியாழக்கிழமை குறைந்த வெயில்

1. கட்சி மாறிய கதை

சூரிய மின்சார ஆபீஸில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், என் சட்டையில் டீசல் வாடை அடித்தது. அதற்கு முந்தின நாள் வரை கல்கத்தா கரியாஹாட்டில் கடைக்காரர்களின் ஜெனரேட்டர்களுக்கு சர்வீஸ் செய்துகொண்டிருந்தேன். லோட்ஷெடிங் என்றால் இன்றைய பிள்ளைகளுக்கு என்னவென்றே தெரியாது. அன்று அதுதான் எங்கள் சோறு. கரண்ட் போன அடுத்த நிமிடம் நடைபாதை முழுக்க ஜெனரேட்டர்கள் உறுமும். எந்தக் கடையின் இன்ஜின் இருமுகிறது என்று டாக்குரியா மேம்பாலத்தில் வரும்போதே எனக்குக் காது சொல்லிவிடும்.

பதினைந்து வருடம் அந்தப் புகையைக் குடித்தவனை வெயில் ஆபீஸில் சேர்த்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. சுந்தரவனத்துத் தீவுகளில் சின்னச் சின்ன சூரிய மின் நிலையங்கள் அமைப்பது எங்கள் ஆபீஸின் வேலை. மழைக்காலத்தில் பேனல்கள் போதாது என்று ஒவ்வொரு நிலையத்திலும் ஒரு டீசல் ஜெனரேட்டரும் வைத்திருந்தார்கள். அதைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். அப்படி உள்ளே நுழைந்தவன், மெல்லப் பேனல், பேட்டரி, இன்வெர்ட்டர் எல்லாம் கற்றுக்கொண்டேன். ஆனால் ஆபீஸில் கடைசி வரை எனக்குப் பெயர் ‘டீசல் சுந்தரம்’தான்.

நம் நாட்டிலும் எண்ணெய்க் கிணறுகள் இருக்கின்றன. அஸ்ஸாமில் எடுக்கிறார்கள், பம்பாய்க் கடலில் எடுக்கிறார்கள். எடுத்து என்ன, தீவுக்கு ஒரு பீப்பாய் டீசல் போய்ச் சேருவதற்குள் லாரி, படகு, தள்ளுவண்டி என்று மூன்று வாகனம் மாற வேண்டும். வெயிலுக்கு அந்த வேலை இல்லை. அது தானே வந்து இறங்கிவிடும். இதை முதலில் எனக்குச் சொன்னது எந்த இன்ஜினியரும் இல்லை, நிராபதோ மண்டல்தான்.

நிராபதோ நான் சொல்லப்போகும் தீவின் ஆபரேட்டர். அந்த வேலைக்கு வருவதற்கு முன் வீடு வீடாக மண்ணெண்ணெய் விற்றவர். பேனல்கள் வந்ததும் தகரக் கேனைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்துவிட்டு எங்களிடம் சேர்ந்தார். நாங்கள் இரண்டு பேருமே எண்ணெய்க் கட்சியிலிருந்து வெயில் கட்சிக்குத் தாவியவர்கள் என்பார். எனக்கு அவரைப் பிடித்துப் போனதற்கு அந்தப் பேச்சு ஒன்றே போதும்.

மாலை ஆறு மணிக்கு அவர் சுவிட்ச் போட்டால் தீவில் இருநூறு வீட்டுக்கு விளக்கு எரியும். சந்தைக் கடைகள் இருட்டினதும் மூடின காலம் போய், தையல்காரர் இரண்டாவது மெஷின் வாங்கினார். ஒருவர் ஜெராக்ஸ் கடைகூடப் போட்டார். எதை ஜெராக்ஸ் எடுக்கப் போகிறீர்கள் என்று கேட்டேன், மெஷின் வந்தால் காகிதம் தானே வரும் என்றார். சொன்னபடியே வந்தது.

இத்தனை வெளிச்சத்தில் நஷ்டப்பட்டது மண்ணெண்ணெய் வியாபாரம் ஒன்றுதான். இதை இங்கேயே சொல்லி வைக்கிறேன். ஆபரேட்டர் வேலை போனால் நிராபதோ திரும்பிப் போக ஒரு தொழில் மிச்சமில்லை.

2. நவமியன்று ஒரு மதராசி

புது நூற்றாண்டு பிறந்த சமயம். எல்லா ஆபீஸிலும் கம்ப்யூட்டர் ஜுரம். எங்களுக்கும் வந்தது. பாசு சார் எங்கள் மேலதிகாரி. நல்ல மனிதர், ஆனால் புதுச் சாமானைக் கண்டால் குழந்தை. எங்கிருந்தோ ஒரு டேட்டா லாகரைத் தருவித்தார். வெயில் எவ்வளவு அடிக்கிறது என்று பத்து நிமிடத்துக்கு ஒரு முறை தானே குறித்துக்கொள்ளும் பெட்டி அது. பேனல் தரும் ஆம்பியரையும் அதுவே எழுதிக்கொள்ளலாம், ஆனால் அந்த வயர்களை அடுத்த கட்டத்தில் இழுப்பதாகத் திட்டம். அதுவரைக்கும் வெயில் மட்டும் பெட்டிக்கு, ஆம்பியர் நிராபதோவின் நோட்டுப் புத்தகத்துக்கு.

இதைப் பூஜை விடுமுறை முடிவதற்குள் மாட்டியாக வேண்டும், விடுமுறை முடிந்ததும் மேலிடத்துப் பெரியவர்கள் பார்க்க வருகிறார்கள் என்றார் பாசு சார். துர்கா பூஜை நாளில் வங்காளியை வேலைக்கு அனுப்ப மகாகாளியாலும் முடியாது. ஆபீஸ் முழுக்க ஒரு சுற்றுப் பார்த்தார். கண் என்மேல் வந்து நின்றது. மதராசிக்கு ஏது பூஜை என்று எண்ணியிருப்பார். கல்கத்தாவில் நமக்கு அந்தப் பெயர்தான். பூர்வீகம் திருநெல்வேலி என்று சொன்னால் அது மதராஸில் எந்தத் தெரு என்று கேட்பார்கள்.

அவர்களுடைய நவமிதான் நமக்கு ஆயுத பூஜை என்பது அவருக்குத் தெரியாது. டாக்குரியாவில் எங்கள் வீட்டில் கொலு வைத்து, சுண்டலுக்குக் கடலை ஊறிக்கொண்டிருந்தது. என் மனைவி விசாலம் எலுமிச்சைச் சாதம் கட்டிக் கொடுத்தாள். செருப்பு மாட்டும்போதுதான் வாயைத் திறந்தாள்.

“எங்க போனாலும் சரி, இன்னிக்கு ஆயுதத்துக்கு ஒரு பொட்டாவது வெச்சிடுங்க. வெறுமனே விட்டுட்டு வராதீங்க.”

குங்குமப் பொட்டலமும் சந்தனமும் எடுத்து வைத்தாள். இரண்டையும் சாப்பாட்டு மேஜைமேல் மறந்துவிட்டு, படகுத் துறைக்குப் போகும் கானிங் ரயிலைப் பிடித்தேன்.

தீவில் நிராபதோ புதுச் சட்டையோடு காத்திருந்தார். பந்தலை விட்டுவிட்டு வந்திருந்தார். இரண்டு பேருமாகப் பெட்டியை மாட்டினோம். வெயிலை அளக்கும் சென்சார் ரொம்பச் சின்னது. அதன் தலையில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு வெள்ளை வட்டம், அதன் வழியாகத்தான் வெயில் உள்ளே போகும். பேனல் வரிசையின் ஓரத்தில், மார்பளவு உயரத்தில் அதை வைத்து முறுக்கினேன். பெட்டியில் எண்கள் ஓடின. கையில் இருந்த இன்னொரு மீட்டரோடு ஒத்துப் பார்த்தேன். துல்லியமாக இருந்தது. எனக்கு அன்றைக்கு இருந்த பெருமிதத்தில் இன்னும் நாலு தீவுக்கு மாட்டியிருப்பேன்.

பிறகுதான் பொட்டு ஞாபகம் வந்தது. பையைக் குடைந்தால் குங்குமம் இல்லை. விஷயத்தைச் சொன்னேன். நிராபதோவின் மனைவி சந்தியா வீட்டுக்குப் போய் ஒரு கிண்ணத்தில் சிந்தூரம் கொண்டுவந்தார். வங்காளத்தில் கருவிகளுக்கு வைக்கும் சிந்தூரத்தைக் கடுகெண்ணெயில் குழைப்பார்கள். லேசில் போகாது. ஸ்பேனர், ஸ்குரூடிரைவர், மல்டிமீட்டர், பேட்டரி பாங்க், ஜெனரேட்டர் எல்லாவற்றுக்கும் வைத்தேன். அன்றைய நாயகன் புது சென்சார்தானே. அதற்குக் கொஞ்சம் தாராளமாகவே, நட்ட நடு நெற்றியில் வைத்தேன்.

அதற்கு ஏது நெற்றி என்று நீங்கள் கேட்கலாம். நான் கேட்டுக்கொள்ளவில்லை.

இன்னொரு விஷயம். ஆயுத பூஜையில் வைத்த கருவியை மறுநாள் வரை தொடக் கூடாது. சின்ன வயதிலிருந்து ஊறிய வழக்கம். பொட்டு வைத்த பிறகு எதையும் தொடவில்லை, பெட்டியில் எண் எப்படி ஓடுகிறது என்றும் பார்க்கவில்லை. கும்பிட்டுவிட்டுக் கடைசிப் படகைப் பிடித்து வந்தேன்.

3. சிவப்புக் கோடு, நீலக் கோடு

அந்தப் பெட்டியில் தீப்பெட்டியளவு ஒரு மெமரி இருக்கும். மாதக் கடைசியில் நிராபதோ அதைக் கழற்றி, தன் நோட்டுப் புத்தகத்தின் நகலோடு ஒரு பொரி டின்னில் போட்டு அனுப்புவார். நகல் ஜெராக்ஸ் கடையில் எடுத்தது. தீவுப் பள்ளியின் வாத்தியாருக்கு வீடு கல்கத்தாவில், பெஹாலாவில். மாதக் கடைசியில் வீட்டுக்கு வரும்போது டின்னை எங்கள் ஆபீஸில் கொடுத்துவிட்டுப் போவார். எங்கள் டிஜிட்டல் யுகம் ஆரம்பத்தில் பொரி டின்னில்தான் வந்தது.

நாற்பத்திரண்டு வயதில் நான் கரியாஹாட்டில் ஒரு கம்ப்யூட்டர் வகுப்பில் சேர்ந்து ஸ்ப்ரெட்ஷீட் கற்றிருந்தேன். என் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் எல்லாம் என் பெண் வயது. மெமரியில் இருந்த எண்களை ஏற்றி, நிராபதோவின் எண்களைத் தட்டி, கிராப் போடும் வேலை என்னுடையது. அவர் வங்காள எண்களில் எழுதுவார். வங்காள நாலு பார்ப்பதற்கு நம் எட்டு போலவே இருக்கும். அதில் செய்ய வேண்டிய தப்பை எல்லாம் முதல் மாதமே செய்து, திருத்திக்கொண்டும் விட்டேன்.

அடித்த வெயிலுக்குப் பேனல் எவ்வளவு ஆம்பியர் தர வேண்டும் என்பது கணக்கு. அது நீலக் கோடு. நிராபதோ எவ்வளவு வந்ததாக எழுதியிருக்கிறார் என்பது சிவப்புக் கோடு. இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று படிய வேண்டும். படியவில்லை. நீலம் கீழே கிடந்தது, சிவப்பு மேலே போனது. அதாவது, இல்லாத வெயிலில் வராத மின்சாரத்தை நிராபதோ எழுதிக்கொண்டிருக்கிறார்.

முதல் மாதம் டின்னைத் திருப்பி அனுப்பும்போது, அளவுகளைக் கவனமாகப் பார்த்து எழுதவும் என்று ஒரு சீட்டு வைத்தேன். இரண்டாம் மாதமும் வைத்தேன். மூன்றாம் மாதம் சீட்டில் ‘மிகவும்’ என்று ஒரு சொல் சேர்த்தேன். மூன்றுக்கும் அவர் பதில் எழுதவில்லை. சிவப்புக் கோடு இருந்த இடத்திலேயே இருந்தது.

இதற்குள் எனக்குக் கம்ப்யூட்டர் கொஞ்சம் தலைக்கேறியிருந்தது. இரண்டு கோட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் தனியாக எடுத்து, கிழமை வாரியாக ஒரு கிராப் போட்டேன். வியாழக்கிழமைகளில் வித்தியாசம் குதித்தது. வெள்ளியும் அப்படித்தான். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, அடுத்த வியாழன் மறுபடி ஒரு குதி. என்னமோ கண்டுபிடித்துவிட்டவன் மாதிரி கலர் பிரிண்ட் எடுத்துக்கொண்டு பாசு சாரிடம் ஓடினேன்.

அவர் அதைப் பார்த்துவிட்டு, தீவில் வியாழக்கிழமை என்ன விசேஷம் என்றார். சந்தை நாள் என்றேன். அவ்வளவுதான். சந்தைக்குப் போய்விட்டு வந்து உட்கார்ந்து மனம்போனபடி எழுதுகிறான், மாலையில் விளக்கு எரிய வேண்டுமே என்று ஜெனரேட்டரை ஓட்டி பேட்டரியை நிரப்புகிறான் என்று முடிவு கட்டினார். ஜெனரேட்டரில் எத்தனை மணி நேரம் ஓடியது என்று காட்டும் மீட்டர் உண்டே என்றேன். அதன் வயரைக் கழற்ற எவ்வளவு நேரம் ஆகும் என்று என்னையே கேட்டார். டீசல்காரனான எனக்குத் தெரியும், அரை நிமிடம்.

“சுந்தரம், மனுஷன் எழுதினதும் மெஷின் எழுதினதும் ஒத்துப்போகலைன்னா, எது பொய்னு நான் சொல்லித்தான் தெரியணுமா?”

உண்மையைச் சொன்னால், அந்த நிமிடம் எனக்கும் சந்தேகம் வந்துவிட்டது. கிராப் நான் போட்டதாயிற்றே. தன் கையால் போட்ட கிராப்பை நம்பாதவன் உலகத்தில் உண்டா?

4. பையில் ஒரு கடிதம்

ஒரு வாரத்தில் ஆங்கிலத்தில் கடிதம் தயாரானது. அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து நிராபதோ மண்டலின் சேவை தேவையில்லை. நானே நேரில் போய்க் கொடுத்துவிட்டு, சாவியை வாங்கி வர வேண்டும்.

ஒரு தடவை என் கண்ணால் பார்த்துவிட்டுக் கொடுக்கிறேன் என்று கெஞ்சினேன். பாசு சார் கல் நெஞ்சர் இல்லை. பார், பார்த்துவிட்டுக் கொடு என்றார்.

அது ஒரு வெள்ளிக்கிழமை. மாசி மாதத்து வெயில், படகின் தகரம் சுட்டது. நிராபதோ துறைக்கு வந்து என் பையை வாங்கிக்கொண்டார். கடிதம் இருக்கும் பையை அவர் தூக்க நான் பின்னால் நடந்தேன். அவர் புதுக் கண்ணாடி போட்டிருந்தார். நன்றாக இருக்கிறது என்று சொன்னேன், சிரித்தார். அதற்குமேல் அவர் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை.

நிலையத்தில் எல்லாம் ஒழுங்காக இருந்தது. பேனல்கள் பளபளவென்று இருந்தன. விடியலில் எழுந்து ஒவ்வொன்றையும் ஈரக் கம்சாத் துண்டால் துடைப்பார் என்று தெரியும். குளத்து உப்புத் தண்ணீர் படிந்துவிடும் என்று இதற்காகவே குழாய்க் கிணற்றிலிருந்து குடம் குடமாகச் சுமப்பார். இப்படிப்பட்டவர் எதற்குப் பொய் எழுத வேண்டும்? ஆனால் கிராப்?

நேரே ஜெனரேட்டர் ஷெட்டுக்குப் போனேன். மணி மீட்டரை நான் பார்க்கவே இல்லை. அதைத்தான் கழற்றலாமே. சுற்றி வந்து சைலன்சரின் வாயைப் பார்த்தேன். பதினைந்து வருட டீசல் படிப்பு அன்றைக்கு உதவியது. சைலன்சர் வாயில் குளவி மண்கூடு கட்டியிருந்தது. காய்ந்து, வெளுத்து, வாயை முக்கால்வாசி அடைத்திருந்தது. இன்ஜினை ஒரே ஒரு முறை ஸ்டார்ட் செய்திருந்தாலும் அந்தக் கூடு பறந்து போயிருக்கும். மழைக்காலம் முடிந்ததிலிருந்து அந்த ஜெனரேட்டர் மூச்சே விடவில்லை.

அங்கேயே ஒரு டீசல் பீப்பாய்மேல் உட்கார்ந்துவிட்டேன். ஜெனரேட்டர் ஓடவில்லை. விளக்கோ தினமும் எரிகிறது. அப்படியானால் அந்த மின்சாரம் வெயிலிலிருந்துதான் வர வேண்டும். அப்படியானால் வெயில் இருந்திருக்க வேண்டும்.

எழுந்து கண்ட்ரோல் ரூமுக்குப் போய் அம்மீட்டரைப் பார்த்தேன். நிராபதோ அப்போதுதான் எழுதி வைத்திருந்த எண், முள் நின்ற இடம், இரண்டும் ஒன்று. பக்கத்தில் லாகர் பெட்டியைப் பார்த்தேன். வெளியே கண் கூசுகிற வெயில், பெட்டியோ மேகமூட்டம் என்று சொல்லிக்கொண்டிருந்தது.

5. நெற்றி இல்லாத சென்சார்

சென்சாரிடம் போனேன். காசு அளவு வெள்ளை வட்டத்தில் பாதிக்குமேல் சிந்தூரம். எண்ணெய் மினுமினுப்போடு, நேற்று வைத்ததுபோல் புதிதாக இருந்தது.

“இதை யாரு இப்படிப் பூசினது?”

“நீங்கதானே தாதா” என்றார் நிராபதோ. தாதா என்றால் அங்கே அண்ணன்.

நவமியன்று நான் வைத்தது நாலு மாதம் இப்படியா இருக்கும்? அதற்குள் டீ எடுத்துக்கொண்டு வந்த சந்தியாதான் விளக்கினார்.

“பனியில கரையுது தாதா. அதனால வியாழக்கிழமை லட்சுமி பூஜை முடிச்ச கையோட வந்து மறுபடி வெப்பேன். நீங்க ஊருவிட்டு வந்து, பண்டிகையை விட்டுட்டு, உங்க கையால வெச்ச பொட்டு. அழிஞ்சு போக விடலாமா?”

வங்காளத்து வீடுகளில் வியாழக்கிழமை லட்சுமிக்கு உரிய நாள். கல்கத்தாவில் பிறந்து வளர்ந்த எனக்கு இது தெரியாதா? என் பக்கத்து வீட்டிலும் அன்றைக்குத்தான் சங்கு ஊதுவார்கள். பாசு சாருக்குத் தெரியாதா? அவர் வீட்டிலும் ஊதுவார்கள். ஆனால் எங்களுக்கு வியாழக்கிழமை என்றதும் சந்தைதான் ஞாபகம் வந்தது. ஏனென்றால் நாங்கள் ஒரு மனிதனின் திருட்டைத் தேடிக்கொண்டிருந்தோம்.

நிராபதோவையும் கேட்டேன், தினம் அத்தனை பேனலையும் துடைக்கிறவர் இதைத் துடைத்திருக்கக் கூடாதா என்று. சென்சாரைச் சுற்றி எல்லாம் துடைப்பாராம். பொட்டு இருந்த இடத்தை மட்டும் சுற்றிக்கொண்டு போவாராம். பெரியவர் பூஜை செய்து வைத்ததில் துணி படக் கூடாது என்று.

நான் அவரிடமிருந்து கம்சாவை வாங்கி, சோப்பு நுரை போட்டு நானே துடைத்தேன். கடுகெண்ணெய் போக நேரமாயிற்று. சந்தியா வருத்தத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளை வட்டம் வெளியே வந்ததும் நிராபதோ உள்ளே போய்ப் பெட்டியைப் பார்த்து எண்ணைக் கூவிச் சொன்னார். கணக்குப் போட்டேன். நீலக் கோடு ஏறிப் போய்ச் சிவப்புக் கோட்டின்மேல் உட்கார்ந்துகொண்டது. நாலு மாதமும் அவர் எழுதியதில் ஒரு எண்கூடத் தப்பில்லை.

மத்தியானம் அவர்கள் வீட்டில் சாப்பாடு. நான் மீன் சாப்பிடமாட்டேன் என்று சந்தியா உருளைக்கிழங்கில் கசகசா அரைத்துவிட்டுச் செய்திருந்தார். நான் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டேன். கடிதத்தைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. இனிமேல் அதற்கு வேலை இல்லை, அப்படியே திருப்பிக் கொண்டுபோய்க் கிழித்துப் போட்டுவிடலாம் என்பது என் எண்ணம். கோழைத்தனம்தான். அப்போது அதற்குக் கருணை என்று பெயர் வைத்துக்கொண்டேன்.

படகுத் துறையில் பையை என் கையில் கொடுக்கும்போது நிராபதோ சாதாரணமாகக் கேட்டார்.

“தாதா, அந்தக் கடிதத்தைக் கொடுக்காமலே போறீங்களே?”

இடையில் ஊருக்கு வந்திருந்த வாத்தியாரிடம் எங்கள் பியூன் சொல்லியிருக்கிறான், வாத்தியார் இவரிடம் சொல்லியிருக்கிறார். மூன்று நாளாக அவருக்குத் தெரியும். தெரிந்தே துறைக்கு வந்து பையைச் சுமந்திருக்கிறார், சோறு போட்டிருக்கிறார். தெரிந்தும் ஏன் ஒரு வார்த்தை கேட்கவில்லை, ஏன் சண்டை போடவில்லை என்று கேட்டேன்.

“நான் எழுதினது சரின்னுதான் நெனச்சேன். ஆனா மெஷின் தப்பா எழுதுமா தாதா? நீங்க வேற சீட்டு மேல சீட்டு அனுப்பறீங்க. எனக்குக் கண்ணு மங்குதோன்னு கானிங் போய்க் கண்ணாடி மாத்திட்டு வந்தேன். புதுக் கண்ணாடியிலயும் முள்ளு அதே எடத்துலதான் நிக்குது.”

படகுக்காரன் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மன்னிப்புக் கேட்டேனா என்று இப்போது ஞாபகமில்லை. கேட்டிருந்தாலும் அது போதாது. கருவியின் கண்ணில் சிந்தூரத்தை அப்பியவன் நான். கண்ணாடி மாற்றிக்கொண்டவர் அவர்.

6. கடிதத்தின் பின்பக்கம்

படகில் உட்கார்ந்து ரிப்போர்ட் எழுதலாம் என்று பார்த்தால் பையில் வேறு காகிதம் இல்லை. கடிதத்தைப் பிரித்து, அதன் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதினேன். அலையில் கையெழுத்து கோணலாகப் போயிற்று.

மறுநாள் ஆபீஸில் அதை வாசித்துப் பார்த்த ஒரு சகா, பறவை எச்சம் என்று போட்டுவிடு, எல்லாருக்கும் நல்லது என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். புதிதாக வரப்போகும் கம்ப்யூட்டர் பிரிவுக்கு என் பெயர் போயிருந்தது, ஆயுத பூஜையில் சென்சாருக்குப் பொட்டு வைத்தவனை அங்கே யார் உட்கார வைப்பார்கள்? பென்சில்தான், அழித்துவிடலாம். ஆனால் பறவை எச்சம் வியாழக்கிழமை தோறும் விழாதே. தவிர, பறவைமேல் பழி போட்டால் நிராபதோ சரியாகத் துடைக்கவில்லை என்று அடுத்த சீட்டு போகும். அழிக்கவில்லை. அதன்மேல் பேனாவை ஓட்டி எழுதினேன்.

பாசு சார் பின்பக்கத்தை நிதானமாகப் படித்தார். இதை மேலே அனுப்பினால் நம் ஆபீஸையே பார்த்துச் சிரிப்பார்கள் என்றார். பிறகு என் கலர் கிராப்பை எடுத்து வைத்துக்கொண்டு வியாழக்கிழமைகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் பார்த்தார். தலையைத் தூக்கித் தன் கம்ப்யூட்டரைப் பார்த்தார். வங்காளிகள் கருவிகளைக் கும்பிடும் விஸ்வகர்மா பூஜையன்று அவரே அதற்கு வைத்த சிந்தூரம், பெட்டியின் பக்கவாட்டில் இன்னும் இருந்தது. வயிறு குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தார். சிரித்து முடித்தபோது கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“வெயிலுக்கு வியாழக்கிழமைன்னு எப்படிடா தெரியும்? இதை நம்ம ரெண்டு பேர்ல ஒருத்தனாவது கேட்டோமா?”

கேட்கவில்லை. அதுதான் அந்த வேலையில் நான் கற்ற பாடம், இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்குச் சொல்ல நினைத்ததும் அதுதான். இப்போது நீங்கள் எந்தத் தீவின் பேனலையும் கைபேசியில் பார்க்கிறீர்கள், கோடுகள் தாமாகவே வரைந்துகொள்கின்றன. நல்லதுதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஒரு கோடு ஒரு மனிதரைப் பொய்யர் என்று சொன்னால், கடிதம் தட்டுவதற்கு முன்னால் படகு ஏறிப் போய் அந்தக் கருவியின் முகத்தைப் பாருங்கள். அதில் நீங்களே வைத்த பொட்டு இருக்கலாம்.

பாசு சார் அந்தக் கடிதத்தைக் கிழிக்கவில்லை. முன்பக்கத்தில் குறுக்கே ஒரு கோடு இழுத்து, பின்பக்கத்தில் ‘பார்த்தேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அப்படியே கோப்பில் வைத்தார். லாகர் வந்தாலும் ஆபரேட்டரின் நோட்டுப் புத்தகம் தொடரும் என்று ஓர் உத்தரவும் போட்டார். கம்ப்யூட்டர் பிரிவுக்கு வேறொருவர் போனார். நான் கடைசி வரை டீசல் சுந்தரமாகவே இருந்தேன். நிராபதோவின் கண்ணாடிக்குப் பதிலாக என்ன கொடுப்பது என்று விசாலமும் நானும் யோசித்து யோசித்து, ஒன்றும் தோன்றாமல், அந்த வருடம் அவரையும் சந்தியாவையும் கொலுவுக்கு டாக்குரியாவுக்கு அழைத்தோம். நிலையத்தை யாரிடம் விட்டுவிட்டு வருவது என்று வரவில்லை.

ஆனால் நவமியன்று காலையில், தீவில் புதிதாக வந்திருந்த டெலிபோன் பூத்திலிருந்து கூப்பிட்டார். பேனலெல்லாம் துடைத்தாயிற்று, சென்சாரையும் துடைத்தாயிற்று, சந்தியா கிண்ணத்தோடு பக்கத்தில் நிற்கிறாள், பொட்டை எங்கே வைக்கலாம் என்று கேட்டார்.

சென்சாருக்குக் கீழே உள்ள இரும்புக் கம்பத்தில் வைக்கச் சொன்னேன். பிறகு, பெட்டியில் எண்ணைப் பார்த்தாரா என்று கேட்டேன்.

“பார்த்துட்டேன் தாதா. வெச்ச பிறகு இன்னொரு தடவையும் பார்க்கறேன்” என்றார்.

ஆயுத பூஜையன்று கருவியைத் தொடக் கூடாது என்று நான் சொல்லவில்லை. பார்க்கக் கூடாது என்று யாரும் சொன்னதில்லையே.